பிரபு வீட்டுப் பிள்ளையும் குடிகாரர் மகளும்: விக்டோரியா கால நகைச்சுவையில் அந்தஸ்தும் குணமும்

விக்டோரியா காலத்து ஆங்கில நகைச்சுவை நாடகம் எதைக் கையில் எடுத்தாலும் முதல் சில பக்கங்களுக்குள் இரண்டு விசாரணைகள் தொடங்கிவிடும். இவன் யார் வீட்டுப் பிள்ளை, வருமானம் எவ்வளவு, எந்தத் தெருவில் குடியிருக்கிறான் என்பது ஒன்று. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவானா, அடுத்தவர் காசில் கை வைப்பானா, கட்டியவளைக் கைவிடாமல் இருப்பானா என்பது இன்னொன்று. முதல் விசாரணையில் தெரிவது அந்தஸ்து, இரண்டாவதில் தெரிவது குணம். இரண்டும் ஒரே ஆளிடம் கச்சிதமாகப் பொருந்திவிட்டால் நாடகம் எழுத வேலையே இல்லை. பெரிய இடத்துப் பிள்ளை சின்னத்தனமாக நடக்க வேண்டும், அல்லது சின்ன வீட்டுப் பெண் பெருந்தன்மையோடு நடக்க வேண்டும். அப்போதுதான் சிரிப்பும் வரும், சிக்கலும் வரும்.

இதை விளக்க எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம், இன்று பெரும்பாலானோர் மறந்துவிட்ட ஒரு நாடகம். டி.டபிள்யூ. ராபர்ட்சன் எழுதியது. 1867 ஏப்ரல் 6 அன்று லண்டனில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. பெயர் ‘காஸ்ட்’, அதாவது ‘சாதி’. நாம் அறிந்த சாதி அமைப்பை அவர் பேசவில்லை. பிரபுக்கள், நடுத்தர வர்க்கம், உழைப்பாளிகள் என்று அடுக்கிவைத்திருந்த தம் நாட்டுப் படிநிலைக்குத்தான் இந்தியாவோடு சேர்த்தே ஆங்கிலேயர் மனத்தில் பதிந்திருந்த அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்.

அந்த 1867-ஆம் ஆண்டும் கவனிக்க வேண்டியது. பிரிட்டனில் இரண்டாம் சீர்திருத்தச் சட்டம் அதே ஆண்டு ஆகஸ்டில்தான் நிறைவேறியது. நகரங்களில் குடியிருந்த உழைப்பாளி ஆண்களில் பலருக்கு அதன்மூலம் முதல்முறையாக வாக்குரிமை கிடைத்தது. நாடகம் தொடங்கிய நாட்களில் நாடாளுமன்றத்தில் அதுதான் பேச்சு. ‘இவர்கள் கையில் ஓட்டைக் கொடுக்கலாமா?’ என்று மேல்தட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்த நேரத்தில், அதே ‘இவர்களை’ மேடையில் தேநீர் போட வைத்தார் ராபர்ட்சன்.

சரி, கதை. ஜார்ஜ் டி’ஆல்ராய் படை அதிகாரி, பெரிய இடத்துப் பிள்ளை. தாய் ஒரு மார்க்கீஸ் சீமாட்டி, அதாவது உயர்ந்த பிரபுப் பட்டம் உள்ளவர். தம் முன்னோர் எந்தப் போரில் எப்படி வாள் வீசினார்கள் என்று பதினான்காம் நூற்றாண்டு வரலாற்று ஆசிரியர் ஃப்ருவாசாரின் ஏட்டிலிருந்து பக்கம் பக்கமாக ஒப்பிப்பவர். ஜார்ஜ் காதலிப்பதோ எஸ்தர் எக்கிள்ஸ் என்ற பாலே நடனக்காரியை. அவள் குடியிருப்பது தேம்ஸ் ஆற்றுக்குத் தென்கரையில், லாம்பெத் பக்கம், ஸ்டாங்கேட் என்ற எளிய இடத்தில். அப்பா எக்கிள்ஸ் குடிகாரர். தங்கை பாலியும் மேடையில் ஆடுபவள்தான், வாய்த் துடுக்கு அதிகம். பாலியைக் கட்டிக்கொள்ளப்போகிறவன் சாம் கெரிட்ஜ், குழாய் வேலையும் எரிவாயு விளக்கு வேலையும் பார்ப்பவன்.

ஜார்ஜ் எஸ்தரை மணந்துகொள்கிறான், அம்மாவிடம் சொல்லாமல். சில மாதங்கள் லண்டனின் பணக்காரப் பகுதியான மேஃபேரில் குடித்தனம். அப்புறம் படைப்பிரிவு இந்தியாவுக்குக் கிளம்புகிறது. கிளம்பும் நேரம் பார்த்து அம்மா வந்து நிற்கிறார், உண்மை உடைகிறது. போனவன் சிப்பாய்கள் கையில் சிக்கி இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. 1857 கிளர்ச்சி முடிந்து பத்தாண்டுகள்கூட சரியாக ஆகாத காலம் என்பதால் லண்டன் பார்வையாளருக்கு இந்தச் செய்தி ஒன்றும் தூரத்து விஷயம் இல்லை. எஸ்தர் கைக்குழந்தையோடு பழைய வீட்டுக்கே திரும்புகிறாள். கணவன் விட்டுப்போன பணத்தை அப்பா பந்தயத்தில் தொலைத்துவிட்டார். கடைசியில் ஜார்ஜ் உயிரோடு வந்து சேர்கிறான், கையில் பால் பாத்திரத்தோடு. வாசல் கம்பியில் பால்காரர் மாட்டிவிட்டுப் போனதை எடுத்துக்கொண்டு உள்ளே வருகிறான். இறந்து பிழைத்து வருகிற பிரபு வீட்டுப் பிள்ளையை இவ்வளவு சாதாரணமாக வீட்டுக்குள் அழைத்துவந்த நாடக ஆசிரியர் அந்தக் காலத்தில் வேறு யாரும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

கதையை மட்டும் கேட்டால் நம் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பத்து நினைவுக்கு வரும். கதை அல்ல விஷயம். அந்தஸ்தை யார் யார் எப்படிப் பேசுகிறார்கள் என்பதுதான் விஷயம்.

ஜார்ஜின் நண்பர் கேப்டன் ஹாட்ரீ. முதல் அங்கத்திலேயே நண்பனுக்குப் புத்தி சொல்கிறார். இனம் இனத்தோடுதான் சேர வேண்டும், ஒட்டகச்சிவிங்கி அணிலைக் காதலிக்கக் கூடாது என்பது சமூகத்தின் மீற முடியாத விதி என்கிறார். இன்னொன்றும் சொல்கிறார். இப்படிப்பட்ட கல்யாணங்கள் நாவலிலும் மேடையிலும் நன்றாயிருக்கும், ஏனென்றால் அங்கே வருகிறவர்களுக்கு நிஜமான சொந்தபந்தங்கள் கிடையாது. நிஜ வாழ்க்கையில் நிஜமான அம்மாக்கள் இருக்கிறார்கள். மேடையில் நின்றுகொண்டே ஒரு பாத்திரம் மேடைக் கதைகளை இப்படி நக்கலடிக்கிறது. ஹாட்ரீ முட்டாள் இல்லை, கெட்டவரும் இல்லை. அவர் சொல்வது அந்த ஊர் நடைமுறை, அவ்வளவுதான்.

இதே அறிவுரையை அதே அங்கத்தில் இன்னொருவரும் சொல்கிறார், அது சாம். குழாய்க்கார சாம்! வாழ்க்கை ஒரு ரயில் பயணம், மனிதர்கள் பயணிகள், முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு உண்டு. எடுத்த டிக்கெட்டுக்கு மேலான வகுப்பில் ஏறினால் அடுத்த நிலையத்தில் இறக்கிவிடப்படுவார் என்று ரயில்வே கம்பெனியின் விதிமுறைப் பலகையை அப்படியே படிப்பதுபோலப் பாலியிடம் பேசுகிறான். தன் வருங்கால மைத்துனியை ஒரு துரை தேடி வருவது அவனுக்குப் பிடிக்கவில்லை. அதில் பயம் இருக்கிறது, கொஞ்சம் பொறாமை இருக்கிறது, தன்மானமும் இருக்கிறது.

இந்த இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் நாடகத்தின் மூளை எங்கே இருக்கிறது என்று புரிந்துவிடும். சுவரை மேலே இருக்கிறவன் மட்டும் கட்டவில்லை, கீழே இருக்கிறவனும் தன் பக்கத்திலிருந்து முட்டுக்கொடுத்து நிற்கிறான். ஒருவன் உவமைக்கு மிருகக்காட்சிசாலைக்குப் போகிறான், மற்றவன் ரயில் நிலையத்துக்குப் போகிறான். அந்தஸ்துதான் உவமையையும் தேர்ந்தெடுக்கிறது. குணத்தில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இருவரும் கொஞ்சம் பிடிவாதம், உள்ளுக்குள் நல்லவர்கள், சமயத்தில் கைகொடுப்பவர்கள். மூன்றாவது அங்கத்தில் இருவருக்கும் இடையே அந்த இறுக்கம் மெல்லத் தளர்வது நாடகத்தின் மிக இனிமையான இழை. காதல் ஜோடியைவிட இந்த இருவரையே நான் ரசித்தேன்.

ஹாட்ரீக்கு ராபர்ட்சன் ஒரு குட்டும் வைத்திருக்கிறார். அவர் மணக்க நினைத்தது ஒரு பிரபு குடும்பத்துப் பெண்ணை. அவள் அவரைவிடப் பெரிய பட்டம் உள்ள ஒருவரைத் தேடிப் போய்விடுகிறாள். ஒட்டகச்சிவிங்கிகளுக்குள்ளும் உயரம் பார்க்கிறார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைக்கிறது.

எக்கிள்ஸ் வேறு ரகம். நாடகத்தில் எல்லோரும் விரும்பி நடிக்க ஆசைப்பட்ட வேடம் இவருடையதாகத்தான் இருந்திருக்கும். வேலைக்கே போகாதவர், ஆனால் வாயைத் திறந்தால் ‘உழைக்கும் வர்க்கம்’. பேரக்குழந்தையின் தொட்டிலை ஆட்டிக்கொண்டு தனியாக ஒரு பிரசங்கம் செய்கிறார். இதோ இந்தப் பிஞ்சுப் பிரபு கழுத்தில் பொன்னும் பவளமும் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறது, பெற்றவளைப் பெற்ற கிழவனுக்கு ஒரு மடக்குக் குடிக்கக் காசில்லை, இது என்ன நியாயம் என்று பொங்குகிறார். பொங்கி முடித்ததும் குழந்தை கழுத்திலிருந்த பவளத்தை மெல்லக் கழற்றுகிறார். எஸ்தர் கண்டுபிடித்துப் பிடுங்கிக்கொள்கிறாள்.

ரொம்பச் சிரிப்பு வரும் காட்சி. ஆனால் யாரைச் சிரிக்கிறோம் என்று ஒரு கணம் யோசிக்க வேண்டும். ஓட்டுரிமை பற்றி ஊரே பேசும் வருஷத்தில், சமத்துவம் பேசுகிற ஒரே ஆளை ராபர்ட்சன் திருடனாகவும் குடிகாரனாகவும் காட்டுகிறார். எக்கிள்ஸ் கேட்கும் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கேட்கிற வாய்தான் நாறுகிறது. கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க இதைவிடச் சுலபமான வழி நகைச்சுவை நாடகத்தில் கிடையாது.

மார்க்கீஸ் சீமாட்டி இதற்கு நேர் எதிர் முனை. எக்கிள்ஸ் உழைப்பாளிகளின் பெயரை வைத்துப் பிழைப்பதுபோல இவர் முன்னோர்களின் பெயரை வைத்துப் பெருமையடிக்கிறார். இருவருமே தாங்கள் செய்யாத வேலைக்குக் கூலி கேட்பவர்கள். மகன் இறந்தான் என்றதும் பேரனைத் தூக்கிக்கொண்டு போகத்தான் அவர் ஸ்டாங்கேட்டுக்கு வருகிறார். குழந்தைக்கு மேல்தட்டு வளர்ப்புக் கிடைக்கும், மருமகளுக்கு அங்கே இடமில்லை. எஸ்தர் மறுக்கிறாள். மறுபடியும் மேடையில் ஆடிச் சம்பாதித்து என் பிள்ளையை நானே வளர்ப்பேன் என்கிறாள். அந்தக் காலத்தில் பாலே நடனக்காரி என்றாலே ஒழுக்கத்தைச் சந்தேகிக்கும் பார்வை இருந்தது. அந்தத் தொழிலையே எஸ்தரின் சுயமரியாதைக்கு ஆதாரமாக ராபர்ட்சன் நிறுத்துகிறார். அவர் நாடகக் குடும்பத்தில் பிறந்து மேடையிலேயே வளர்ந்தவர் என்பதை இந்த இடத்தில் உணர முடிகிறது.

மேடையில் இதையெல்லாம் பார்வையாளர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்றும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தஸ்து என்பது பேச்சில் மட்டும் இருப்பதல்ல, கண்ணுக்குத் தெரிகிற ஒன்று. முதல் அங்கமும் மூன்றாம் அங்கமும் ஸ்டாங்கேட் வீட்டில் நடக்கின்றன. நடுவில் உள்ள அங்கம் மட்டும் மேஃபேரில். திரை ஏறியதுமே நாற்காலி, மேசை, விரிப்பு எல்லாம் யார் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்லிவிடும். ராபர்ட்சன் மேடை அறைகளுக்கு நிஜமான கதவு, நிஜமான கைப்பிடி, மேலே கூரை என்று வற்புறுத்தியவர். மேடையில் நிஜமாகவே தேநீர் போட்டு, ரொட்டி வெட்டி, வெண்ணெய் தடவித் தின்றார்கள். இந்த வகை நாடகங்களுக்குக் ‘கோப்பையும் தட்டும்’ நாடகம் என்றே பட்டப்பெயர் விழுந்தது, கொஞ்சம் கிண்டலாகத்தான். ஆனால் அந்தத் தேநீர் மேசையில்தான் அந்தஸ்து வெளுக்கிறது. கேப்டன் ஹாட்ரீ மாதிரியான ஆள் ஒரு சின்ன அறையில் கோப்பையை எங்கே வைப்பது, காலை எங்கே நீட்டுவது என்று தெரியாமல் திண்டாடுவார். சாமுக்கும் பாலிக்கும் அந்த அறையில் ஒவ்வொரு பொருளும் கைக்குப் பழக்கம். வசனமே இல்லாமல் யார் யாருக்கு மேல் என்ற கணக்கு தலைகீழாகிவிடுகிறது.

ஹாட்ரீயாக நடித்தவர் ஸ்குவயர் பேன்கிராஃப்ட். மேடையில் மேல்தட்டு ஆடம்பர இளைஞன் என்றால் பொன்னிற முடி, பொன்னிற மீசை என்பதுதான் அப்போதைய வழக்கம். அவர் கறுப்பு முடியோடு வந்தார். சின்ன விஷயம்தான், ஆனால் பார்த்துப் பழகிய பொம்மைக்குப் பதிலாக ஒரு மனிதன் நிற்பதாகத் தோன்றியது. பாலியாக நடித்தவர் மேரி வில்டன். அந்த அரங்கை 1865-இல் எடுத்து நடத்தத் தொடங்கியவரே அவர்தான். அதற்கு முன் ஊரார் அதைக் குப்பைக்குழி என்று அழைத்தார்கள். அவர் அதைப் புதுப்பித்து, வசதியான இருக்கைகள் போட்டு, மேல்தட்டு மக்களை வண்டியில் வந்து இறங்க வைத்தார். ஆக, ஸ்டாங்கேட் வீட்டின் வறுமையைப் பார்க்கக் காசு கொடுத்தவர்களில் பலர் மேஃபேர்க்காரர்கள். அதே 1867-இன் கடைசியில் பேன்கிராஃப்டும் வில்டனும் மணந்துகொண்டார்கள். முப்பது வருஷம் கழித்து, 1897-இல், பேன்கிராஃப்டுக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது. மேடையில் துரையாக நடித்தவர் நிஜத்திலேயே துரையானார். நடிகர் தொழிலின் அந்தஸ்து ஏறிய வேகத்துக்கு இதைவிட நல்ல அடையாளம் வேண்டாம்.

இப்போது முடிவுக்கு வருவோம், ஏனென்றால் அங்கேதான் எனக்கு ராபர்ட்சனோடு சண்டை. ஜார்ஜ் திரும்பி வந்ததும் அம்மாவின் மனம் இளகுகிறது, மருமகளை ஏற்றுக்கொள்கிறார். சாமும் பாலியும் கடை திறக்கப்போகிறார்கள். எக்கிள்ஸை என்ன செய்வது? ஹாட்ரீ ஒரு யோசனை சொல்கிறார். ஜெர்சித் தீவில் சாராயம் மலிவு, வாரம் இரண்டு பவுண்டு கொடுத்து அங்கே அனுப்பிவிடலாம், குடித்தே காலத்தை முடித்துக்கொள்வார். கிழவரும் முயன்று பார்ப்பதாக உற்சாகமாக ஒப்புக்கொள்கிறார். அரங்கு அதிர்ந்திருக்கும். கடைசியில் ஜார்ஜ், படிநிலை என்பது அளவோடு இருந்தால் நல்லதுதான், பகட்டுக்காரர்களையும் பண்பற்றவர்களையும் வெளியே நிறுத்தும், ஆனால் அரிய தகுதி உள்ளவர்களுக்குக் கதவை அகலத் திறக்க வேண்டும் என்ற பொருளில் பேசி முடிக்கிறான்.

கவனித்துப் பார்த்தால் சுவர் அப்படியே நிற்கிறது. எஸ்தர் உள்ளே வந்தது அவள் அசாதாரணமானவள் என்பதால். கணவனுக்காக ஏங்கினாள், பிள்ளையை விட்டுக்கொடுக்கவில்லை, வறுமையிலும் கை நீட்டவில்லை. கொஞ்சம் சோம்பேறியாக, கொஞ்சம் கோபக்காரியாக, அதாவது ஜார்ஜைப் போலவே சராசரியாக இருந்திருந்தால் அந்தக் கதவு திறந்திருக்குமா? திறந்திருக்காது. பிரபு வீட்டுப் பிள்ளை சாதாரணக் குணத்தோடு பிறந்த இடத்திலேயே இருக்கலாம். ஏழைப் பெண் அங்கே நுழைய அசாதாரணக் குணம் வேண்டும். அந்தஸ்து இருப்பவனுக்குக் குணம் கூடுதல் அலங்காரம், இல்லாதவளுக்கு அது நுழைவுச் சீட்டு. விக்டோரியா கால நகைச்சுவையில் குணம் அந்தஸ்தை வென்றது என்று பாராட்டும்போதெல்லாம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. தாராள மனம் கொண்ட நாடகம்தான், ஆனால் கொஞ்சம் கைப்பிடித்த தாராளம்.

இருபத்தெட்டு வருஷம் கழித்து இந்தக் கணக்கையே ஒருவர் குப்புறக் கவிழ்த்தார். ஆஸ்கர் வைல்டின் ‘தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்’ 1895 பிப்ரவரி 14 அன்று செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் அரங்கேறியது. இதில் குணத்தைப் பற்றி ஒருவரும் கவலைப்படுவதில்லை. ஜாக் என்ற இளைஞன் க்வென்டலினைப் பெண் கேட்கிறான். அவள் அம்மா லேடி பிராக்னெல் பென்சிலும் குறிப்பேடுமாக உட்கார்ந்து விசாரிக்கிறார். வயது இருபத்தொன்பது, சரி. வருமானம் ஆண்டுக்கு ஏழாயிரம் எட்டாயிரம் பவுண்டு, அதுவும் முதலீட்டில், ரொம்பச் சரி. நிலத்தில் என்றால் அவருக்குப் பிடிக்காது. பண்ணை வருமானம் சரிந்து, இறந்தவர் சொத்து மீதான சாவு வரியும் முந்தைய ஆண்டுதான் கூடியிருந்தது. லண்டன் வீடு பெல்கிரேவ் சதுக்கத்தில், ஆனால் நாகரிகமில்லாத பக்கம். அதை மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். வீட்டையா, நாகரிகத்தையா என்று ஜாக் கேட்டால், தேவைப்பட்டால் இரண்டையும் என்று பதில். பையன் உண்மை பேசுவானா, பெண்ணை ஒழுங்காக வைத்துக்கொள்வானா என்று ஒரு கேள்விகூட இல்லை. பேட்டி நன்றாகத்தான் போகிறது, பெற்றோர் யார் என்று கேட்கும் வரை. விக்டோரியா ரயில் நிலையத்தில், பொருட்களை ஒப்படைத்து வைக்கும் அறையில், ஒரு கைப்பைக்குள் கிடைத்த குழந்தை அவன்.

ராபர்ட்சனின் எஸ்தருக்கு ஓர் அப்பா இருந்தார், மோசமானவர் என்றாலும். அவரை ஜெர்சிக்கு அனுப்ப முடிந்தது. ஜாக்கிடம் அனுப்பி வைக்கக்கூட ஆளில்லை. லண்டன் மேல்தட்டின் விருந்து சீசன் முடிவதற்குள் யாராவது உறவினரைத் தேடிக்கொள், அம்மாவோ அப்பாவோ ஒருவரையாவது கொண்டுவந்து காட்டு என்று லேடி பிராக்னெல் எழுந்து போகிறார். இதே அம்மையார் பிறகு செசிலி என்ற பெண்ணை அலட்சியமாகப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, அவள் பெயரில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பவுண்டு அரசுக் கடன் பத்திரங்களில் இருக்கிறது என்று கேட்டதும் மறுபடி உட்கார்ந்து, இப்போது பார்த்தால் பெண் லட்சணமாகத்தான் இருக்கிறாள் என்கிறார். பெண்ணின் குணத்தில் எந்த மாற்றமும் இல்லை, தகவலில்தான் மாற்றம்.

இதில் ஜாக் பொய் சொல்பவன். ஊரில் ஒரு பெயர், நகரத்தில் ஒரு பெயர் என்று இரட்டை வாழ்க்கை நடத்துபவன். ராபர்ட்சன் நாடகமாக இருந்தால் அவன் திருந்தியாக வேண்டும், நான்கு பேருக்கு உபகாரம் செய்து தன் தகுதியை நிரூபிக்க வேண்டும். வைல்ட் அந்தத் தொல்லையே கொடுக்கவில்லை. ஜாக் ஒரு படை ஜெனரலின் மூத்த மகன் என்று கடைசியில் தெரியவருகிறது. தகப்பனார் பெயரைப் படை அதிகாரிகள் பட்டியல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்கிறார்கள். அவன் தேடிக்கொள்ள வேண்டிய உறவினர் யார் என்றால், தேடச் சொன்ன லேடி பிராக்னெலேதான். ஜாக்கின் அம்மாவும் அவரும் உடன்பிறந்த அக்கா தங்கை. நம் ஊர் முறைப்படி பார்த்தால் க்வென்டலின் அவனுக்குத் தங்கை முறை ஆகிறாள், கல்யாணப் பேச்சு அந்த இடத்திலேயே நின்றுபோயிருக்கும். லேடி பிராக்னெலின் குறிப்பேட்டில் அப்படி ஒரு கேள்வியே இல்லை.